மங்கோலியக் குதிரையும் காலாளும்: ஒரு கணினி விளையாட்டின் சமநிலைக் கணக்கு

வெள்ளவத்தையில் ரியூசன் முடிந்து நாங்கள் போகும் நெட் கபே ஒன்றில் எழுதப்படாத சட்டமொன்று இருந்தது: மங்கோலியரை ஒருவரும் எடுக்கக்கூடாது. எடுத்தவனோடு மற்றவர்கள் விளையாடமாட்டார்கள். அந்த விளையாட்டின் இறுவட்டைப் புறக்கோட்டையில் நடைபாதைக் கடையொன்றில் வாங்கியிருந்தோம். உறையில் என்ன எழுதியிருந்தது என்பது நினைவில்லை. ஆனால் குதிரையில் ஓடிக்கொண்டே அம்பு விடும் அந்தச் சிறிய உருவங்களை மறக்க முடியாது. நாங்கள் ஈட்டிக்காரர் நாற்பது பேரைத் திரட்டிக்கொண்டு போனால், ஒருவர்கூட எதிரியைத் தொடாமல் நாற்பது பேரும் செத்திருப்பார்கள்.

அந்த விளையாட்டு ‘ஏஜ் ஒவ் எம்பயர்ஸ் 2’. அமெரிக்காவின் டலஸ் நகரிலிருந்த என்செம்பிள் ஸ்ரூடியோஸ் உருவாக்கி, மைக்ரோசொப்ட் 1999இல் வெளியிட்டது. முதல் பதிப்பிலிருந்த 13 இனங்களில் மங்கோலியரும் ஒருவர். செங்கிஸ்கானின் கதை ஆறு படலங்களாக அதிலேயே இருந்தது. இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்தும் இது சாகவில்லை. 2019 நவம்பரில் ‘டெபினிட்டிவ் எடிஷன்’ என்ற புதுப்பிப்பு வந்தது. அதன் பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறை திருத்தங்கள் வெளியாகின்றன. ஒரு படைக்கு உயிரைக் கூட்டுவார்கள், இன்னொன்றின் விலையை ஏற்றுவார்கள். ஆட்டக்காரர் இதைச் சமநிலைப்படுத்தல் என்கிறார்கள். அதில் அடிக்கடி பேசப்படும் வழக்குகளில் ஒன்று எங்கள் நெட் கபேயின் வழக்குத்தான்: மங்கோலியக் குதிரையை எவ்வளவு கட்டிப்போடுவது, அவர்களின் காலாட்படையை எவ்வளவு தூக்கிவிடுவது?

முதலில் இலக்கங்களைப் பார்ப்போம். விளையாட்டின் அடிப்படைக் கணக்கு எளிது. ஈட்டிக்காரன் குதிரையைக் கொல்வான், குதிரை வில்லாளியைக் கொல்லும், வில்லாளி ஈட்டிக்காரனைக் கொல்வான். இந்த முக்கோணத்தில் குதிரை மேல் ஏறிய வில்லாளி எந்த மூலையிலும் நிற்பதில்லை. மங்கோலியரின் சிறப்புப் படையான மங்குடாயின் வேகம் 1.4, பைக்மேன் எனப்படும் தரமுயர்ந்த ஈட்டிக்காரனின் வேகம் 1.0. மங்குடாயின் அம்பு 4 கட்டம் போகும். குதிரைக்கு எதிராக பைக்மேனுக்கு 22 புள்ளி கூடுதல் தாக்கு உண்டு, ஆனால் கிட்ட நெருங்கினால்தானே அந்த 22 வேலை செய்யும்? போதாததற்கு, மங்கோலியரின் குதிரை வில்லாளிகள் மற்றவர்களுடையதைவிட 25 வீதம் வேகமாக எய்வார்கள். அவர்களைத் துரத்தக்கூடிய கவண், கல்லெறி இயந்திரங்களுக்கு எதிராகவும் மங்குடாய்க்குத் தனிக் கூடுதல் தாக்கு இருக்கிறது.

அப்படியானால் மங்கோலியர் ஏன் ஒவ்வொரு ஆட்டத்தையும் வெல்வதில்லை? மங்குடாய் கோட்டையில் மட்டுமே பிறப்பான். கோட்டைக்கு 650 கல் வேண்டும். ஒவ்வொருவனுக்கும் 55 மரம், 65 பொன் செலவு. தேர்ந்த ஆட்டக்காரர் மங்கோலியரின் கோட்டை எழும் முன்னரே கதவைத் தட்டிவிடுவார். எழுந்துவிட்டாலும், 25 உணவுக்கும் 35 மரத்துக்கும் கிடைக்கும் எறியீட்டிக்காரர்களைக் கூட்டமாக இறக்கித் தன் வயல்களைக் காப்பார். பொன்னே செலவாகாத படையால் பொன்னைத் தின்னும் படையைத் தேய்ப்பதுதான் தந்திரம். நெட் கபே வயதில் இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. நாங்கள் செய்த சமநிலைப்படுத்தல் தடைதான். தடை எல்லாவற்றிலும் சோம்பலான திருத்தம் என்பது பிறகுதான் விளங்கியது.

மங்கோலியரின் காலாட்படைக்கு வருவோம். ஈட்டிக்காரர் வரிசையின் உச்சமான ஹல்பேர்டியர் அவர்களுக்குக் கிடையாது. வாள்வீரர் வரிசை முழுமையாக உண்டு, ஆனால் அதை எடுப்பவர்களைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். இது மங்கோலியருக்கு மட்டுமான குறையுமல்ல. இந்த விளையாட்டில் வாள் ஏந்திய காலாள் பல ஆண்டுகளாகவே அனாதை. 2019 பதிப்பில் அவர்களின் உணவுச் செலவைக் குறைக்கும் ஆராய்ச்சியொன்றைச் சேர்த்தார்கள். 2023இல் அம்பைத் தாங்க ‘கம்பிசன்ஸ்’ என்ற பஞ்சு அங்கியைக் கொடுத்தார்கள். குதிரைப் பக்கத்தில் நடந்தது வேறு. 2019இல் மங்கோலியர், கியூமான்கள், தாத்தாரியர் ஆகியோருக்குக் குதிரை மேலிருந்து எட்டிக் குத்தும் புல்வெளி ஈட்டிவீரர் என்ற புதிய படை கொடுக்கப்பட்டது. ஒருவர் தோளுக்கு மேலால் இன்னொருவர் குத்தக்கூடிய அந்தப் படை கூட்டமாக வந்தபோது எதுவும் நிற்கவில்லை. சில மாதங்களுக்குள் அதன் பல்லைப் பிடுங்கவேண்டி வந்தது.

2021 ஒக்டோபரில் வந்த ‘ஏஜ் ஒவ் எம்பயர்ஸ் 4’ வேறு வழியில் போனது. அங்கே மங்கோலியருக்கு வீடு கட்டும் தேவை இல்லை, கல்மதிலும் இல்லை. கட்டடங்களை மடித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு நகரலாம். மேய்ச்சல் நிலமென்று ஒரு கட்டடமும் இருக்கிறது. ஆனால் அதில் பிறப்பது ஆடு. குதிரையைத் தாங்கும் புல்லுக்கு அங்கும் கணக்கில்லை. இந்தக் கட்டுரை உண்மையில் அந்தப் புல்லைப் பற்றியதுதான்.

புல்லும் ஈரப்பதமும்

மங்கோலியப் போர்வீரன் ஒரு குதிரையோடு போருக்குப் போனவனல்ல. மூன்று, நான்கு, ஐந்து மாற்றுக் குதிரைகளை இழுத்துக்கொண்டு போனான். களைத்ததை விட்டு அடுத்ததில் ஏறினான், பாலைக் குடித்தான், முடை வந்தால் அறுத்தும் உண்டான். அந்தக் குதிரைகளுக்குத் தானியம் ஊட்டுவதில்லை, புல்தான். ஆகவே புல் முடியும் இடத்தில் அந்தப் படையின் வலுவும் முடிந்தது. 1258இல் பாக்தாதை வீழ்த்திய ஹுலாகுவின் படை 1260இல் சிரியாவிலிருந்து பெரும்பகுதியாகப் பின்வாங்கியது ஏன் என்ற கேள்விக்கு, அரசுரிமைச் சிக்கலோடு சிரியாவின் மேய்ச்சல் போதாமையையும் காரணமாகச் சொல்லும் வரலாற்றாய்வாளர்கள் உண்டு. விட்டுப்போன சிறு படையை அதே ஆண்டு ஐன் ஜாலூத்தில் மம்லூக்குகள் முறியடித்தார்கள்.

விளையாட்டில் குதிரைவீரனும் ஓர் ஆள், காலாளும் ஓர் ஆள். 200 பேருக்கு இடமிருந்தால் 150 மங்குடாய்களை நிறுத்தலாம். ஐந்து குதிரைகளின் வயிறு அந்தக் கணக்கில் எங்கும் வராது. சமநிலை பிழைக்கும் இடம் இதுதான் என்பது என் எண்ணம். வேகத்தையோ தாக்கையோ குறைப்பது நோயை விட்டுவிட்டு விரலை வெட்டுவது போன்றது.

அடுத்தது வில். கொம்பும் தசைநாரும் மரமும் பசையால் ஒட்டிச் செய்யப்பட்ட கூட்டுவில், ஈரப்பதத்தில் தளரும். வியட்நாமுக்கு 1258, 1285, 1287-88 என மூன்று முறை போனார்கள். மூன்றாம் முறை பாக் டாங் ஆற்றின் அடியில் நட்டுவைக்கப்பட்ட மரக்கூர்களில் அவர்களின் கப்பல்கள் சிக்கின. 1293இல் யாவாவுக்குப் போனவர்களை, முதலில் அவர்களைப் பயன்படுத்திக்கொண்ட ராடன் விஜயனே பிறகு திரும்பித் தாக்கி விரட்டினான். மஜபாகித் அரசு அங்கிருந்துதான் எழுந்தது. வெப்பமும் நோயும் காடும் ஆறும் சேர்ந்த நாடுகளில் குதிரை வில்லாளிக்கு 25 வீதம் கூடுதல் கிடைக்கவில்லை.

இனி, மங்கோலியரிடம் நல்ல காலாள் இருந்ததேயில்லை என்ற எண்ணத்தையும் கொஞ்சம் தட்டிப்பார்க்கவேண்டும். தென் சீனாவின் சொங் அரசை அவர்கள் குதிரையால் வெல்லவில்லை. சியாங்யாங் நகர முற்றுகை 1268இல் தொடங்கி 1273 வரை நீடித்தது. அங்கே வேலை செய்தவர்கள் வட சீனக் காலாட்கள், ஆற்றுப் படகுப் படை, மேற்கிலிருந்து வரவழைக்கப்பட்ட இஸ்மாயில், அலாவுதீன் என்ற பொறியாளர்கள் நிறுத்திய எதிர்ப்பாரக் கல்லெறி இயந்திரங்கள். 1279இல் சொங் முழுமையாக வீழ்ந்தது. 1281இல் ஜப்பானுக்குப் போன பெரும் கடற்படையிலும் சீனரும் கொரியருமே மிகுதி. மங்கோலியக் காலாட்படை என்றால் மங்கோலியரல்லாத காலாட்படை. தோற்ற நாட்டின் ஆட்களே வென்றவனின் காலாட்கள். அவர்களை முன்னால் தள்ளி மதிலேறச் சொல்வது கொடூரமான வழக்கமாகவும் இருந்தது. விளையாட்டு இந்தக் கொடூரத்தையும் காட்டுவதில்லை, அந்தப் பலத்தையும் காட்டுவதில்லை.

தமிழரின் குதிரைக் கணக்கு

இந்தக் கதையில் எமக்கென்ன வேலை என்று கேட்பவர்களுக்கு, சீனாவின் சுவான்சௌ துறைமுகத்தில் கிடைத்த ஒரு கல்வெட்டைச் சொல்லலாம். தமிழும் சீனமும் பொறித்த கல். 1281ஆம் ஆண்டுக்குரியது. அங்கே வாழ்ந்த தமிழ் வணிகர் சமூகத்தைச் சேர்ந்த சம்பந்தப் பெருமாள் என்பவர், கானின் உடல்நலம் வேண்டி, திருக்கானீச்சுரம் என்ற பெயரில் சிவன் கோயிலொன்றை எழுப்பிய செய்தி அதில் இருக்கிறது. அந்தக் கான், குப்லாய். ஜப்பானை நோக்கி அவன் கப்பல் அனுப்பிய அதே ஆண்டு.

அதே காலத்தில் தெற்கே பாண்டியர் குதிரை வாங்கிக்கொண்டிருந்தார்கள். இதை எழுதிவைத்தவர்களில் ஒருவர் பாரசீகத்தை ஆண்ட மங்கோலியரின் ஆட்சிக்காலத்து வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப். அத்தாபெக் அபூபக்கர் காலத்தில் காயல் முதலிய துறைகளுக்கு ஆண்டுக்கு 10,000 குதிரைகள் வந்தன என்கிறார். ஒன்றின் விலை 220 பொன் தினார். மொத்தம் 22 இலட்சம் தினார். பின்னர் கிஷ் தீவின் ஜமாலுதீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்பும் உடன்பாடும் இருந்தது. வழியில் செத்த குதிரைக்கும் பாண்டியன் காசு கொடுக்கவேண்டும்! 1290களில் இவ்வழியால் போன மார்க்கோ போலோவும் இதே வியப்பைப் பதிகிறார்: குதிரைக்குச் சமைத்த சோறும் இறைச்சியும் ஊட்டுகிறார்கள், லாடமடிக்க ஆளில்லை, வாங்கியவை பெரும்பாலும் இறந்துவிடுகின்றன, மறுபடி வாங்குகிறார்கள். பயணிகள் மிகைப்படுத்துவார்கள் என்பதைக் கழித்தாலும், எங்கள் தட்பவெப்பத்தில் குதிரை வளர்ப்பது பெரும்பாடு என்பது நிற்கும்.

எமது வடக்கிலேயே அதற்கொரு உயிருள்ள சான்று இருக்கிறது. நெடுந்தீவுக் குதிரைகள் அந்நியர் ஆட்சியில் கொண்டுவரப்பட்டவை. ஒல்லாந்தர் அவற்றை அங்கே வளர்த்தார்கள், அவர்களின் லாயத் தூண்கள் இன்னும் நிற்கின்றன. இன்று கட்டாக்காலியாகத் திரியும் அவற்றின் வழிவந்தவை உருவத்தில் சிறியவை. கடும் வறட்சியில் தண்ணீரில்லாமல் செத்து விழுகின்றன. ஒரு குதிரைப்படைக்கு என்ன விலை என்று அறிய விரும்பும் விளையாட்டு வடிவமைப்பாளர் குறிகாட்டுவானிலிருந்து படகேறி ஒருநாள் அங்கே போய்வரலாம்.

இப்படிக் காசைக் கொட்டிய பாண்டிய நாட்டின் மேல் 1311இல் மாலிக் கபூரின் டில்லிப் படை வந்து விழுந்தது. அதே மாலிக் கபூர்தான் 1306இல் மங்கோலியரை வடக்கே தடுத்து நிறுத்திய படைக்குத் தலைமை தாங்கியவன். அதற்கு முன், 1299இல் டில்லிக்கு அருகே கிலி என்ற இடத்தில், மங்கோலியர் ஓடுவதுபோல் நடித்து ஸபர்கானைத் தொலைவுக்கு இழுத்துச் சென்று கொன்றார்கள். நெட் கபேயில் எங்கள் நாற்பது ஈட்டிக்காரருக்கு நடந்ததும் அதுதான். தெற்கிலிருந்து மாலிக் கபூர் கொண்டுபோனவற்றில் 612 யானைகளும் 20,000 குதிரைகளும் இருந்தன என்று வரலாற்றாசிரியர் பரணி எழுதுகிறார். ஆக, தென்னாட்டிடம் குதிரை இல்லாமலில்லை. வளர்க்க முடியவில்லை, வாங்கியது.

2022 ஏப்ரல் 28இல் வெளியான ‘டைனஸ்டீஸ் ஒவ் இந்தியா’ தொகுப்பில் திராவிடர் என்ற பெயரில் நாங்களும் இந்த விளையாட்டுக்குள் வந்தோம். அதுவரை ‘இந்தியர்’ என்ற ஒரே பையில் எல்லோரும் இருந்தார்கள். இப்போது வீரர்கள் தமிழில் பதில் சொல்கிறார்கள், இராஜேந்திர சோழனின் கதையை ஆடலாம், சுழலும் உறுமி வாள்காரரும் ‘திரிசடை’ என்ற பெருங்கப்பலும் உண்டு. மொழிக்குடும்பமொன்றின் பெயரை அரசின் பெயராக்கியது பொருந்தவில்லை. தமிழரும் தெலுங்கரும் கன்னடரும் அதில் கரைந்துபோகிறார்கள். அது நிற்க. லாயத்துக்குள் எட்டிப்பார்த்தால் நைட் எனப்படும் கனரகக் குதிரைவீரர் இல்லை, ஒட்டகம் இல்லை, குதிரைக்கு உயிர் கூட்டும் ஆராய்ச்சியும் இல்லை. பதிலுக்குக் காலாட்படை ஆராய்ச்சிகள் பாதி விலை. கவசத்தைப் பொருட்படுத்தாமல் வெட்டும் உருக்கு வாள் கிடைக்கும். கடல் உள்ள வரைபடத்தில் இவர்கள் பலமானவர்கள். ‘அரேபியா’ என்ற திறந்த நிலத்தில் மங்கோலியரோடு மோதினால் பழைய நெட் கபே நினைவு வரும்.

சிலர் இதை அவமதிப்பு என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. குதிரை குறைந்த நாடு என்பது உண்மை. ஆனால் குதிரையை வாங்கிய நாடு என்பதும் உண்மை, அது விடுபட்டுள்ளது. இங்கே பல பிள்ளைகளுக்கு மங்கோலியரையும் சோழரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஒரே இடம் இந்தத் திரைதான். பாடப்புத்தகத்தில் மங்கோலியர் வந்தாலும் ஒரு பரீட்சை விடையாக வந்து போய்விடுவார்கள். ஒரு லாயத்தில் எது இருக்கிறது, எது இல்லை என்பதிலிருந்தே அந்தப் பிள்ளை தன் முன்னோரைப் பற்றிய படமொன்றைக் கட்டிக்கொள்கிறது. அதனால்தான் இந்தச் சில்லறை இலக்கங்களுக்காக இவ்வளவு நேரம் செலவிடுகிறேன்.

நாங்கள் மாற்றிப் பார்த்தது

இந்த விளையாட்டை இன்று திருத்தும் நிறுவனங்களில் ஒன்றான ‘போர்கொட்டன் எம்பயர்ஸ்’, இரசிகர்கள் தாமாகச் செய்த ஒரு மாற்றுப் பதிப்பிலிருந்து வளர்ந்தது. 2013இல் மைக்ரோசொப்ட் அதை அதிகாரபூர்வமாக ஏற்றது. ஆகவே இலக்கங்களைத் தொடுவது பெரிய மனிதரின் வேலை மட்டுமல்ல. தரவுக் கோப்பைத் திறக்கும் இலவசச் செயலி இருக்கிறது. மாற்றிய கோப்பை நண்பர்களிடையே பகிர்ந்து விளையாடலாம். பழைய நெட் கபேக்காரர்கள் ஆறு பேர், இப்போது மூன்று நாடுகளில் இருப்பவர்கள், ஞாயிறு இரவுகளில் அதைத்தான் செய்கிறோம்.

முதலில் மங்குடாயின் வேகத்தை 1.4இலிருந்து 1.25க்கு இறக்கினோம். மங்கோலியர் செத்துப்போனார்கள். வேகம் போனால் அது விலை கூடிய வில்லாளி மட்டுமே. அடுத்து விலையை ஏற்றினோம். தொடக்கத்தில் திணறினார்கள், பொன் சேர்ந்ததும் பழைய கதை. மூன்றாவதாக வேகம், தாக்கு, விலை எல்லாவற்றையும் பழையபடி விட்டுவிட்டு, ஒரு மங்குடாய் இரண்டு ஆட்களின் இடத்தைப் பிடிப்பான் என்று மாற்றினோம். இதற்கு முன்மாதிரி விளையாட்டிலேயே உண்டு: மலாயரின் கரம்பித் வீரன் அரை ஆளாகத்தான் எண்ணப்படுகிறான். அரை ஆள் இருக்கலாம் என்றால் இரண்டு ஆளும் இருக்கலாம்.

இந்த மாற்றம் வேலை செய்தது. 150 மங்குடாய் என்ற பேச்சு முடிந்தது. ஐம்பது, அறுபதோடு நிறுத்தி மிச்ச இடத்துக்குக் காலாள் தேடவேண்டி வந்தது. அப்போது அவர்களுக்கு ஹல்பேர்டியரைத் திறந்துவிட்டோம், பெயரை மட்டும் ‘வட சீன ஈட்டிக்காரர்’ என்று மாற்றி. எதிர்பாராத விளைவொன்றும் வந்தது. மங்கோலியரின் முற்றுகை இயந்திரங்களை 50 வீதம் வேகமாக்கும் ஆராய்ச்சி ஒன்று முன்பே இருக்கிறது. இப்போதுதான் அதற்கு மதிப்பு வந்தது. ஈட்டிக்காரர் முன்னால் நிற்க, கல்லெறி இயந்திரங்கள் நடுவில் உருள, மங்குடாய்கள் இரு சிறகிலும் பாய்ந்தார்கள். ஓர் இரவு இதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கொட்டாஞ்சேனை நண்பன் “டேய், இது சியாங்யாங்” என்றான்.

எல்லோருக்கும் பிடித்துவிட்டது என்று சொல்லமாட்டேன். எங்களில் மங்கோலியரை எப்போதும் எடுக்க ஆசைப்பட்டு எப்போதும் தடுக்கப்பட்டவன் ஒருவன் உண்டு, இப்போது டொரொண்டோவில். “இருபது வருசமா இவங்களத் தரமாட்டம் எண்டியள், இப்ப தந்து காலாளாக்கிப்போட்டியள்” என்பது அவனுடைய முறைப்பாடு. அதில் நியாயமிருக்கிறது. வெறும் புல்வெளியில் இரண்டு குதிரைப்படைகள் மோதும் வரைபடத்தில் இந்த இரட்டை இடக் கணக்கு மங்கோலியரை அளவுக்கு மீறித் தண்டிக்கிறது. புல்வெளி உள்ள வரைபடத்தில் ஓர் ஆள், காடும் நீரும் உள்ளதில் இரண்டு ஆள் என்று பிரித்திருக்கிறோம். அது சரியா என்று பார்க்க இன்னும் சில ஞாயிறுகள் வேண்டும்.

திராவிடர் பக்கத்தில் ஒரே ஒரு மாற்றந்தான். நைட்டை லாயத்தில் வைக்காமல் துறைமுகத்தில் வைத்தோம். கப்பலில் வந்திறங்குகிறான்; உயிர் கூட்டும் ஆராய்ச்சி அவனுக்கு இல்லை. வழக்கமான விலை 60 உணவு, 75 பொன். எங்கள் துறைமுகத்தில் 60 உணவு, 150 பொன். துறைமுகம் எரிந்தால் குதிரை வரத்து நிற்கும். போன வாரம் டொரொண்டோக்காரன் மங்கோலியராக வந்து முதலில் எரித்தது என் துறைமுகத்தைத்தான்.